புவேர்ட்டோ றிக்கோத் தீவின் சுயாட்சி வரலாறு

தோற்றுவாய்

ஒரு நாட்டு மக்கள் தம்மைத் தாமே ஆளுகின்றனர் என்பதற்கு அடையாளம் யாது? தாம் தெரிந்தெடுத்த சட்டசபை ஒன்று உளதாதலா? தம்மவருள் ஒருவர் தேசாதிபதியாக வீற்றிருத்தலா? தமக்கெனக் கொடியும் அரசியல் யாப்பும் அமைதலா? இவை யாவும் ஒருங்கே பொருந்தியிருந்தும், இறுதி அதிகாரம் கடல் கடந்த வேறொரு மன்றத்தின் கையில் தங்கியிருத்தல் கூடும். அவ்வுண்மையை வேறெந்நாட்டின் வரலாற்றைக் காட்டிலும் தெளிவாக விளக்குவது புவேர்ட்டோ றிக்கோத் தீவின் வரலாறாகும்.

கரிபியன் கடலிலுள்ள பெருந்தீவுகளுள் கியூபா, யமேக்கா, ஹிஸ்பனியோலா என்பவற்றுக்குக் கிழக்கே அமைந்தது இத்தீவு. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 100 மைல் நீளமும், வடக்குத் தெற்காக ஏறத்தாழ 35 மைல் அகலமும் உடையது. நடுவே மலைத்தொடரும், கரையோரமாகக் கரும்பு விளையும் சமவெளியும் உள. 2020ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி இங்கு வாழ்ந்தோர் 32 இலட்சத்து 85 ஆயிரம் பேர். அவர்தம் மொழி ஸ்பானியம். கடவுச்சீட்டோ ஐக்கிய அமெரிக்காவினது. எனினும் அந்நாட்டின் சனாதிபதியைத் தெரிந்தெடுக்கும் வாக்கு அவர்க்கில்லை. இம்முரண்பாடு எவ்வாறு தோன்றியது, எவ்வாறு நிலைபெற்றது என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன.

ஸ்பெயினின் ஆட்சியும் 1897ஆம் ஆண்டின் சாசனமும்

1493ஆம் ஆண்டு கொலம்பஸ் தமது இரண்டாம் கடற்பயணத்தில் இத்தீவை அடைந்தார். தைனோ என்னும் பழங்குடியினர் அப்போது இங்கு வாழ்ந்தனர். 1508இல் பொன்சே தெ லெயோன் முதற் குடியேற்றத்தை நிறுவினார். அன்று தொடங்கிய ஸ்பானிய ஆட்சி 390 ஆண்டுகள் நீடித்தது. ஸ்பானியப் பேரரசுக்கு இத்தீவு பொன் விளையும் பூமியாக அன்றிக் கப்பற் பாதையைக் காக்கும் கோட்டையாகவே பெரிதும் பயன்பட்டது. சான் ஹுவான் துறைமுகத்து முனையில் இன்றும் நிற்கும் எல் மொறோக் கோட்டை அதற்குச் சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்த ஸ்பானியக் குடியேற்ற நாடுகளுட் பெரும்பாலானவை போரிட்டு விடுதலை பெற்றன. கியூபாவும் புவேர்ட்டோ றிக்கோவும் மாத்திரம் எஞ்சின. 1868ஆம் ஆண்டு செப்ரெம்பர் 23ஆந் திகதி லாறெஸ் என்னும் மலையூரில் எழுந்த கிளர்ச்சி விரைவில் ஒடுக்கப்பட்டது. 1873இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. ஆயுத வழியிற் பெறவியலாத உரிமையைப் பேச்சுவார்த்தையாற் பெறலாம் எனக் கருதியோருள் தலையாயவர் பத்திரிகையாசிரியரும் அரசியல்வாதியுமான லூயிஸ் முனியோஸ் றிவேறா. ஸ்பெயினின் தாராண்மைக் கட்சித் தலைவர் சகாஸ்தாவோடு அவர் செய்துகொண்ட இணக்கம், சகாஸ்தா பிரதம மந்திரியானதும் பயன் தந்தது. கியூபாவில் மூண்டிருந்த விடுதலைப் போரும் ஸ்பெயினை இளகச் செய்தது. 1897ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இரு தீவுகட்கும் சுயாட்சிச் சாசனம் வழங்கப்பட்டது.

அச்சாசனம் அளித்த உரிமைகள் சிறியன அல்ல. இரு சபைகளைக் கொண்ட தீவுப் பாராளுமன்றமும், அதற்குப் பொறுப்புடைய மந்திரி சபையும் அமைக்கப்பட்டன. மன்னர் நியமிக்கும் தேசாதிபதி தலைமை தாங்கினார். ஸ்பெயினின் பாராளுமன்றத்தில் வாக்குரிமையோடு பிரதிநிதிகள் அமரும் உரிமையும் நீடித்தது. தீவின் சுங்கத் தீர்வையை விதிக்கும் அதிகாரமும் தீவுப் பாராளுமன்றத்திற்குக் கிடைத்தது. இவை எல்லாவற்றினும் சிறந்ததாக ஒரு விதி காணப்பட்டது. ஸ்பானியப் பாராளுமன்றம் சாசனத்தை அங்கீகரித்த பின்னர், தீவுப் பாராளுமன்றம் வேண்டிக்கொண்டாலன்றி அதனை மாற்றலாகாது என்பதே அவ்விதி. வழங்கியவரே திரும்பப் பறித்தல் கூடாதென வழங்கியவரே ஒப்புக்கொண்ட விதி அது.

ஆயின் சாசனம் முதிர்ந்து பயன் தர அவகாசம் கிடைத்திலது. 1898ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் ஸ்பெயினுக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் போர் மூண்டது. தீவுப் பாராளுமன்றம் யூலை 17ஆந் திகதி முதன்முறையாகக் கூடிற்று. எட்டு நாட்கள் கழிந்து, யூலை 25ஆந் திகதி, தளபதி மைல்ஸ் தலைமையில் அமெரிக்கப் படை தென்கரையிலுள்ள குவானிக்காவில் இறங்கியது. இத்திகதி பின்னரும் வருதலின் நினைவிற் கொள்ளற்பாலது.

கொடி மாறிய காலம்

1898ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆந் திகதி பரிசில் கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கையின்படி ஸ்பெயின் இத்தீவை ஐக்கிய அமெரிக்காவுக்குக் கையளித்தது. தீவாரின் பிரதிநிதிகள் எவரும் அம்மேசையில் இருந்திலர். இங்கு வாழும் மக்களின் குடியியல் உரிமைகளையும் அரசியல் நிலையையும் அமெரிக்கக் காங்கிரஸ் தீர்மானிக்கும் என்று உடன்படிக்கையின் ஒன்பதாம் உறுப்புரை கூறிற்று. பின் வந்த நூற்றாண்டின் அரசியல் முழுவதும் இவ்வொரு வாக்கியத்தினின்று கிளைத்ததேயாம்.

1900ஆம் ஆண்டு ஏப்பிரில் 12ஆந் திகதி நிறைவேறிய போறக்கர் சட்டம் இராணுவ ஆட்சிக்கு முடிவு கட்டிக் குடியியல் ஆட்சியை நிறுவியது. தேசாதிபதியும் பதினொருவர் கொண்ட நிருவாக சபையும் அமெரிக்கச் சனாதிபதியால் நியமிக்கப்பட்டனர். அப்பதினொருவருள் ஐவராவது தீவாராக இருத்தல் வேண்டும் என்பது விதி. ஆகவே அறுவர் அயலவராக இருத்தல் இயலும். இந்நிருவாக சபையே சட்டசபையின் மேற்சபையாகவும் இருந்தது. மக்கள் தெரிந்தெடுத்த 35 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபை கீழ்ச்சபையாயிற்று. வாசிங்ரனில் தீவின் சார்பாக அமர வதிவிட ஆணையாளர் என்னும் பதவியும் உண்டாக்கப்பட்டது. மந்திரி சபையும் பொறுப்பாட்சியும் பெற்றிருந்த மக்கள், ஈராண்டுக்குள் முடிக்குரிய குடியேற்ற நாடுகளின் பழைய முறையை ஒத்த ஆட்சிக்குத் தாழ்ந்தனர்.

1909ஆம் ஆண்டு பிரதிநிதிகள் சபை தன்னிடமிருந்த ஒரே படைக்கலத்தைப் பயன்படுத்திற்று: வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்ற மறுத்தது. சனாதிபதி டாவ்ற் இதனை நன்றிகேடு எனக் கொண்டார். உடனே காங்கிரஸ் ஒரு திருத்தம் செய்தது. சபை திட்டத்தை நிறைவேற்றாவிடின் முன்னைய ஆண்டின் திட்டமே தொடரும் என்பதே அத்திருத்தம். பணத்தைத் தடுத்து உரிமை பெறுதல் ஆங்கிலப் பாராளுமன்ற வரலாற்றின் பழைய வழி. அவ்வழி இங்கு ஒரே சட்டத்தால் அடைக்கப்பட்டது.

தோடம்பழ வழக்கு

தீவு அமெரிக்காவின் பகுதியா, அன்றா என்னும் வினா நீதிமன்றத்தை அடைந்தது ஒரு வணிகரின் முறைப்பாட்டாலாகும். போறக்கர் சட்டம் தீவிலிருந்து வரும் பொருள்களுக்குத் தற்காலிகமாகச் சுங்கத் தீர்வை விதித்தது. 1900இல் நியூ யோர்க்கிற்குத் தோடம்பழம் இறக்கிய டவுன்ஸ் என்பார் 659 டொலர் 35 சதம் தீர்வையைச் செலுத்திவிட்டு, அதனை மீளத் தரும்படி வழக்குத் தொடுத்தார். தீர்வைகள் நாடு முழுவதும் ஒரே தன்மையாக இருத்தல் வேண்டும் என்று அமெரிக்க யாப்பு கூறுதலின், நாட்டின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குச் செல்லும் பழத்திற்குத் தீர்வை விதித்தல் முறையன்று என்பது அவர் வாதம்.

1901ஆம் ஆண்டு மே மாதம் உயர்நீதிமன்றம் ஐவர்க்கு நால்வர் என்னும் பிரிவில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நீதியரசர் வைற் கூறிய காரணமே பின்னர் நிலைத்தது. அயல் நாடுகளின் கண்ணுக்குத் தீவு அமெரிக்காவின் உடைமை. ஆயின் உள்நாட்டு நோக்கில் அது அமெரிக்காவோடு இணைக்கப்படாமையின் அயலானதே என்பது அவர் கருத்து. ஆகவே யாப்பின் எல்லா விதிகளும் அங்குத் தாமாகப் பொருந்தா. அடிப்படையானவை மாத்திரமே பொருந்தும். எவை அடிப்படையானவை என்பதும் வழக்குத்தோறும் நீதிமன்றம் கூறுவதேயாம். இவ்வாறு "இணைக்கப்பட்ட ஆள்புலம்", "இணைக்கப்படாத ஆள்புலம்" என்னும் பாகுபாடு பிறந்தது. முன்னையது நாளடைவில் மாநிலமாகும் என்பது எதிர்பார்ப்பு. பின்னையதற்கு அத்தகைய வாக்குறுதி எதுவுமில்லை.

எழுதப்பட்ட யாப்புக்குப் புறம்பாகக் காங்கிரஸ் எங்கேனும் ஆள முடியுமாயின் குடியேற்ற ஆட்சி முறை குடியரசினுள்ளே புகுந்துவிடும் என்று நீதியரசர் ஹார்லன் மாறுபட்டு எழுதினார். 1896இல் புகையிரதப் பெட்டிகளிற் கறுப்பரைப் பிரித்து அமர்த்துதல் யாப்புக்கு இயைந்ததே என இதே மன்றம் தீர்ப்பளித்தபோது, தனித்து நின்று மறுத்தவரும் அவரே. அத்தீர்ப்பு 1954இல் கைவிடப்பட்டது. தோடம்பழ வழக்கின் தீர்ப்போ இன்னும் வெளிப்படையாகக் கைவிடப்படவில்லை.

பிரசாவுரிமை

1917ஆம் ஆண்டு மார்ச் 2ஆந் திகதி நிறைவேறிய யோன்ஸ் சட்டம் தீவாருக்கு அமெரிக்கப் பிரசாவுரிமை அளித்தது. மேற்சபை தெரிந்தெடுக்கப்பட்ட செனற் சபையாயிற்று; உரிமைப் பட்டியலும் சேர்க்கப்பட்டது. எனினும் தேசாதிபதி முன்போல் நியமனம் பெற்றவரே. தீவின் சட்டங்களை நீக்கும் அதிகாரமும் காங்கிரசிடமே இருந்தது. இப்பிரசாவுரிமையைத் தீவார் ஒருமித்து வேண்டியிருந்தனர் என்றலும் பொருந்தாது. 1914இல் பிரதிநிதிகள் சபை தன் எதிர்ப்பைத் தெரிவித்திருந்தது. சட்டம் நிறைவேறி ஒரு மாதங் கழிந்ததும் ஐக்கிய அமெரிக்கா முதலாம் உலகப் போரில் இறங்கிற்று. அப்போரிலும் பின்வந்த போர்களிலும் தீவார் படைவீரராகச் சேவித்தனர்.

பிரசையாயினார் யாப்பின் முழுப் பாதுகாப்பையும் பெற்றனரா? 1922இல் ஒரு பத்திரிகையாசிரியர் தம்மீது தொடுக்கப்பட்ட அவதூறு வழக்கை யூரர் முன் விசாரித்தல் வேண்டும் என்று உயர்நீதிமன்றத்திடம் முறையிட்டார். பிரசாவுரிமை வழங்கியமையால் மாத்திரம் தீவு இணைக்கப்பட்டதாகாது என்று மன்றம் விடையிறுத்தது. அத்தீர்ப்பை எழுதிய பிரதம நீதியரசர், 1909இல் சனாதிபதியாக இருந்து தீவாரைக் கடிந்த அதே டாவ்ற் என்பது குறிப்பிடத்தக்கது.

இதன் விளைவு விந்தையானது. தீவிலிருக்கும் ஒருவர் நியூ யோர்க்கிற்குக் குடிபெயர்ந்து வாக்காளராகப் பதிவு செய்யின் சனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கலாம். மீண்டும் தீவுக்கு வந்து குடியமரின் அவ்வுரிமை அவரை விட்டு நீங்கும். உரிமை ஆளைச் சாராது நிலத்தைச் சார்ந்து நிற்கின்றது. வதிவிட ஆணையாளர் காங்கிரசின் பிரதிநிதிகள் சபையில் அமரலாம், பேசலாம், குழுக்களில் வாக்களிக்கலாம். சட்டம் இறுதியாக நிறைவேறும் வேளையில் அவர்க்கு வாக்கில்லை. மறுபுறத்தே, தீவினுள் ஈட்டும் வருமானத்திற்குத் தீவார் மத்திய அரசுக்கு வருமான வரி செலுத்துவதில்லை என்பதையும் கூறுதல் நேர்மையாகும். வேலையாட்களின் சமூகக் காப்புறுதிக்கான வரிகளைச் செலுத்துகின்றனர்.

முனியோஸ் மறீனும் 1952ஆம் ஆண்டின் யாப்பும்

1900ஆம் ஆண்டிலேயே ஒரு கம்பனி 500 ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருத்தலாகாது எனக் காங்கிரஸ் விதித்திருந்தும், நாற்பதாண்டுகள் அவ்விதி ஏட்டளவிலேயே இருந்தது. சமவெளியின் சிறந்த நிலங்கள் பெருங் கரும்புக் கம்பனிகளின் வசமாயின. 1928இன் பெரும்புயலும், அதனை அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தமும் வறுமையைப் பெருக்கின. பெட்றோ அல்பிசு கம்போஸ் தலைமையில் தேசியக் கட்சி முழு விடுதலை கோரிற்று. 1937ஆம் ஆண்டு மார்ச் 21ஆந் திகதி, குருத்தோலை ஞாயிறன்று, பொன்சே நகரில் அக்கட்சியினர் நடத்திய ஊர்வலத்தின்மீது பொலிசார் சுட்டனர். அன்று 19 பேர் உயிரிழந்தனர்.

இந்நிலையில் எழுந்தவர் முனியோஸ் றிவேறாவின் மைந்தர் லூயிஸ் முனியோஸ் மறீன். இளமையில் விடுதலையை ஆதரித்த இவர், 1938இல் மக்கள் சனநாயகக் கட்சியை நிறுவியபின், தீவின் அரசியல் நிலை பற்றிய வினாவை ஒதுக்கிவைத்து, உணவும் நிலமுமே முதலில் வேண்டுவன என மலையூர்கள்தோறும் சென்று பேசினார். வாக்கை விற்றலாகாது என்று குடியானவர்க்கு அறிவுறுத்தினார். 1940ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் கட்சி செனற் சபையைக் கைப்பற்றிற்று. 1941 முதல் 1946 வரை தேசாதிபதியாயிருந்த றெக்ஸ்போட் டக்வெல்லின் ஒத்துழைப்போடு நிலச் சீர்திருத்தம் தொடங்கியது. 1946இல் ஹெசுஸ் பின்யேறோ தீவாருள் முதலாவது நியமனத் தேசாதிபதியானார். 1947இல் தேசாதிபதியை மக்களே தெரிந்தெடுக்கும் உரிமை வழங்கப்பட்டது. 1948இல் முனியோஸ் மறீன் தெரிந்தெடுக்கப்பெற்று, நான்கு தவணை, 1965 வரை, அப்பதவியில் இருந்தார்.

1950ஆம் ஆண்டு யூலை 3ஆந் திகதி காங்கிரஸ் 600ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. உடன்படிக்கையின் தன்மையில் அமைந்ததாகத் தன்னைக் கூறிக்கொண்ட அச்சட்டம், தீவார் தம் யாப்பைத் தாமே வரைய இடமளித்தது. தேசியக் கட்சியினர் இதனை ஏமாற்று எனக் கருதினர். அவ்வாண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி தீவின் பல ஊர்களிற் கிளர்ச்சி மூண்டது. இரு நாட்கள் கழித்து வாசிங்ரனில் சனாதிபதி ட்றூமனைக் கொல்ல முயற்சி நடந்தது. எனினும் 1951இல் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தோருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் சட்டத்தை ஏற்றனர். அரசியல் நிர்ணய சபை யாப்பை வரைந்தது; 1952ஆம் ஆண்டு மார்ச் 3ஆந் திகதி மக்கள் அதனை அங்கீகரித்தனர்.

ஈண்டு ஒரு நிகழ்ச்சி கருதற்பாலது. மக்கள் வாக்களித்து ஏற்ற யாப்பின் உரிமைப் பட்டியலில் 20ஆம் பிரிவு வேலை, கல்வி, போதிய வாழ்க்கைத் தரம் என்பவற்றுக்கான உரிமைகளைக் கூறிற்று. காங்கிரஸ் அப்பிரிவை நீக்கிய பின்னரே யாப்பை அங்கீகரித்தது. யாப்பு 1952ஆம் ஆண்டு யூலை 25ஆந் திகதி பிரகடனப்படுத்தப்பட்டது. அமெரிக்கப் படை குவானிக்காவில் இறங்கியதன் 54ஆம் ஆண்டு நிறைவு நாள் அதுவேயாம். புதிய அரசு ஸ்பானிய மொழியில் "இணைந்த சுதந்திர அரசு" எனப் பெயர் பெற்றது. பழைய யோன்ஸ் சட்டத்தின் பெரும்பகுதியோ, தீவுக்கும் மத்திய அரசுக்குமுள்ள உறவைக் கூறும் சட்டம் எனப் பெயர் மாறி, முன்போல் நிலைத்தது.

1953ஆம் ஆண்டு நவம்பர் 27ஆந் திகதி ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, தீவு சுயாட்சி எய்திவிட்டதாக ஏற்றது. ஆதரவாக 26 வாக்குகளும் எதிராக 16 வாக்குகளும் விழுந்தன. 18 நாடுகள் நடுநிலை வகித்தன. இரு தரப்பாரும் உடன்பட்டாலன்றி உறவை மாற்ற முடியாது என்னும் கருத்துப்பட அமெரிக்கத் தூதுக் குழுவினர் அங்குப் பேசினர். ஆயின் 600ஆம் இலக்கச் சட்டம் அடிப்படை உறவை மாற்றாது என்று காங்கிரசின் குழுக்கள் தம் அறிக்கைகளில் எழுதியிருந்தன. இரண்டு கூற்றுகளும் ஒருங்கே உண்மையாதல் இயலாது.

யாப்பின் அமைப்பு

யாப்பின் உள்ளமைப்பு போற்றத்தக்கது என்பதில் ஐயமில்லை. நான்காண்டுக்கொருமுறை தேசாதிபதி தெரிந்தெடுக்கப்படுகிறார். யாப்பின்படி செனற் சபை 27 பேரையும் பிரதிநிதிகள் சபை 51 பேரையும் கொண்டது. ஒவ்வொரு சபையிலும் 11 பேர் தொகுதியின்றித் தீவு முழுவதுக்குமாகத் தெரிந்தெடுக்கப்படுகின்றனர். மரண தண்டனை யாப்பாலேயே விலக்கப்பட்டுள்ளது. உள்ளூராட்சிக்கு 78 நகரசபைகள் உள.

சிறுபான்மைக் கட்சிகளுக்கான ஏற்பாடு சிறப்பாக நோக்கத்தக்கது. ஒரு கட்சி எந்தச் சபையிலாயினும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட இடங்களைப் பெறுமாயின், எதிர்க்கட்சிகளுக்கு மேலதிக ஆசனங்கள் அளிக்கப்பட்டுச் சபை பெருக்கப்படும். 1952இல் மக்கள் சனநாயகக் கட்சி மிகு பலம் பெற்றிருந்தது. வென்றவர் தமக்குத் தாமே கடிவாளமிட்டுக்கொண்ட விதி இது. தீவாருக்குள்ளே பெரும்பான்மையோர் சிறுபான்மையோரை நசுக்காதிருக்க யாப்பு வழி கண்டது. தீவுக்கும் பேரரசுக்கும் இடையே அத்தகைய கடிவாளம் இடுதல் அதன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதாயிற்று.

கட்சிகளும் வாக்கெடுப்புகளும்

பிற நாடுகளிற் கட்சிகள் வரி, நிலம், தொழில் முதலியன பற்றிப் பிரிந்து நிற்கும். இத்தீவிலோ, நாடு எதுவாக இருத்தல் வேண்டும் என்னும் வினாவே கட்சிகளைப் பிரித்தது. மக்கள் சனநாயகக் கட்சி இணைந்த அரசைக் காக்க முயன்றது. 1946இல் தோன்றிய சுதந்திரக் கட்சி விடுதலையை வேண்டிற்று. 1967இல் லூயிஸ் பெரே நிறுவிய புதிய முற்போக்குக் கட்சி, ஹவாயையும் அலாஸ்காவையும் போலத் தீவும் மாநிலமாதல் வேண்டும் என்றது. 1968ஆம் ஆண்டுத் தேர்தலில் பெரே வென்றதன்பின் தேசாதிபதிப் பதவி இரு பெருங் கட்சிகளிடையே கைமாறி வரலாயிற்று.

1967ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் இணைந்த அரசுக்கு நூற்றுக்கு 60 வீதம் வாக்குகள் கிடைத்தன. 1993இல் அதுவே முதலிடம் பெற்றும் பாதியை எட்டவில்லை. 1998இல் "மேற்கூறியவற்றுள் எதுவுமன்று" என்னும் தெரிவே நூற்றுக்கு 50 வீதத்துக்குச் சற்று மேலான வாக்கோடு வென்றது. 2012இல் நடப்பு நிலை வேண்டாமென்றோர் 54 வீதத்தினர். 2017இல் மாநில நிலைக்கு 97 வீதம் கிடைத்தது. ஆயின் எதிர்க்கட்சிகள் புறக்கணித்தமையால் வாக்களித்தோர் 23 வீதத்தினரே. 2020இல் மாநில நிலை 52 வீதத்துக்கு மேற் பெற்றது. 2024இலும் அதுவே பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றது. இவற்றுள் எதுவும் காங்கிரசைக் கட்டுப்படுத்தவில்லை. வினாவை எழுப்புவோர் தீவார். விடையளிக்க வேண்டியோர் வேறிடத்தார். விடை வராத வினாவைத் திரும்பத் திரும்பக் கேட்டலால் மக்கள் சலிப்புற்றமையும் இயல்பே. 2024ஆம் ஆண்டுத் தேசாதிபதித் தேர்தலிற் சுதந்திரக் கட்சியின் வேட்பாளர், புதிய கட்சியொன்றின் துணையோடு, இரண்டாம் இடத்தைப் பெற்று மக்கள் சனநாயகக் கட்சியைப் பின்தள்ளினார். பழைய அணிவகுப்பு தளர்ந்தமைக்கு இஃது அறிகுறியாகும்.

கடனும் மேற்பார்வைச் சபையும்

உடன்படிக்கை என்னும் சொல்லின் வலிமையைச் சோதித்தது தீவின் கடன். 1947 முதல் வரிச்சலுகை கொடுத்துத் தொழிற்சாலைகளை வரவழைக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. கரும்புத் தோட்டங்கள் குன்றின, ஆலைகள் பெருகின, கல்வியும் சுகாதாரமும் உயர்ந்தன. எனினும் வேலையற்றோர் பல்லாயிரவர் நியூ யோர்க்கிற்கு விமானமேறினர். அமெரிக்கக் கம்பனிகளுக்கு 1976 முதல் கிடைத்த சிறப்பு வரிச்சலுகையைக் காங்கிரஸ் 1996இல் நீக்கத் தொடங்கி 2006இல் முற்றாக நீக்கிற்று. அதன் பின்னர்ப் பொருளாதாரம் தேய்ந்தது. வருமானம் குறைய அரசு கடன்முறிகளை விற்றது. அம்முறிகளின் வட்டிக்கு அமெரிக்கா முழுவதிலும் வரியில்லை என்பது 1917ஆம் ஆண்டு யோன்ஸ் சட்டத்தின் ஏற்பாடு. ஆகவே வாங்குவோர்க்குக் குறைவிருக்கவில்லை. ஈற்றில் கடன் ஏறத்தாழ 7,200 கோடி டொலராயிற்று. 1984இல் காங்கிரஸ் செய்த திருத்தமொன்றினால், மாநிலங்களின் நகரசபைகளுக்குள்ள வங்குரோத்துப் பாதுகாப்பும் தீவுக்கு அற்றுப்போயிருந்தது.

2016ஆம் ஆண்டு யூன் மாதம் மூன்று நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வந்தன. 9ஆந் திகதி, ஒரே குற்றத்துக்காக ஒருவர்மீது தீவும் மத்திய அரசும் தனித்தனி வழக்குத் தொடரலாமா என்னும் வினாவில், தீவின் தண்டிக்கும் அதிகாரத்தின் ஊற்று காங்கிரசே என்று உயர்நீதிமன்றம் கூறிற்று. அமெரிக்க அரசின் சட்டத்தரணியும் அவ்வாறே வாதிட்டிருந்தார். 1953இல் ஐக்கிய நாடுகள் சபையிற் கூறப்பட்டதனோடு இதனை ஒப்பிட்டு நோக்குக. 13ஆந் திகதி, கடனைச் சீரமைக்கத் தீவு தானே இயற்றிய சட்டம் செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. 30ஆந் திகதி, எழுவர் கொண்ட நிதி மேற்பார்வைச் சபையைக் காங்கிரசின் சட்டமொன்று நிறுவியது. அச்சபையினரை நியமிப்பவர் அமெரிக்கச் சனாதிபதி. தேசாதிபதி அங்கு வாக்கின்றி அமரலாம். வரவுசெலவுத் திட்டத்தை அங்கீகரிப்பதும் மறுப்பதும் சபையின் அதிகாரம். தேசாதிபதியோ சட்டசபையோ அதனைக் கட்டுப்படுத்தலாகாது. அதன் செலவையோ தீவே கொடுத்தல் வேண்டும். 1900இல் நியமிக்கப்பட்ட பதினொருவரும் 1909ஆம் ஆண்டின் திருத்தமும் நினைவுக்கு வருதல் இயல்பு.

2017ஆம் ஆண்டு செப்ரெம்பர் 20ஆந் திகதி மரியா என்னும் புயல் தீவை ஊடறுத்தது. முதலில் 64 எனக் கூறப்பட்ட இறப்புத் தொகை, ஆய்வின் பின்னர் 2018இல் 2,975 என உத்தியோகபூர்வமாக ஏற்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு யூலை மாதம், ஆட்சியாளர் தம்முட் பரிமாறிய இழிந்த செய்திகள் வெளியாக, இலட்சக்கணக்கானோர் வீதியில் இறங்கித் தேசாதிபதி றொசெல்யோவைப் பதவி விலகச் செய்தனர். அவருக்குப்பின் சத்தியப்பிரமாணம் செய்தவரின் நியமனம் யாப்புக்கு முரணானதெனத் தீவின் உயர்நீதிமன்றமே தீர்ப்பளிக்க, அவரும் சில நாட்களில் விலகினார். தம்மால் தெரிந்தெடுக்கப்பட்டாரைத் தாமே விலக்கும் ஆற்றலும், யாப்பைக் காக்கும் நீதிமன்றமும் தீவாரிடம் இருந்தமைக்கு இது சான்று. எழுவர் சபையை விலக்கும் ஆற்றல் அவர்க்கில்லை என்பதும் அதே வேளையிற் புலனாயிற்று.

2022இல் வந்த தீர்ப்பொன்றும் கூறத்தக்கது. நியூ யோர்க்கில் வாழ்ந்தபோது வலுவிழந்தோர்க்கான மத்திய அரசின் உதவிப் பணம் பெற்றுவந்த ஒருவர் 2013இல் தீவுக்குக் குடிபெயர்ந்தார். தீவில் வாழ்வோர் அவ்வுதவிக்கு உரியரல்லர் ஆகையால், அங்கு வந்தபின் பெற்ற 28,000க்கும் மேற்பட்ட டொலரைத் திருப்பித் தரும்படி அரசு அவர்மீது வழக்குத் தொடுத்தது. தீவாரை இவ்வாறு விலக்குதல் யாப்புக்கு முரணன்று என எட்டு நீதியரசர் கூறினர். தீவிலிருந்து வந்த பெற்றோர்க்குப் பிறந்த நீதியரசர் சொற்றமையோர் மாத்திரம் மாறுபட்டார். எண்மருள் ஒருவரான நீதியரசர் கோர்சச், 1901ஆம் ஆண்டின் தீர்ப்புகள் இனப்பாகுபாட்டில் வேரூன்றியவை என்றும், அவற்றைக் கைவிடும் காலம் வந்துவிட்டது என்றும் தனியே எழுதினார்.

முடிவுரை

இவ்வரலாற்றினின்று பெறப்படுவன சில. முதலாவது, சுயாட்சியின் அளவை அதன் உறுப்புரைகளை எண்ணி அறிதல் இயலாது. அவ்வுறுப்புரைகளை மாற்றவோ நீக்கவோ உரியவர் யார் என்பதைக் கொண்டே அறிதல் வேண்டும். 1897ஆம் ஆண்டின் சாசனம் இவ்வினாவுக்கு எழுத்தில் நல்விடை கூறிற்று. ஆயின் வழங்கிய அரசே அகன்றமையால் அவ்வெழுத்து பயனிழந்தது. 1952ஆம் ஆண்டின் யாப்பு உள்ளாட்சிக்குச் சிறந்த விதிகளை வகுத்தது. ஆயின் இவ்வினாவை ஐயத்துக்கு இடமாக விட்டது. அறுபத்துநான்கு ஆண்டுகள் கழிந்து ஐயம் தீர்ந்தபோது, அது தீவாருக்குப் பாதகமாகவே தீர்ந்தது.

இரண்டாவது, பொருளாதாரத்தில் தன்காலில் நில்லாத நாட்டுக்கு அரசியல் உரிமை அரைப் பாதுகாப்பே. பிறர் அளிக்கும் வரிச்சலுகையை நம்பி எழுந்த ஆலைகள் அச்சலுகையோடே சென்றன. ஆலைகளைத் தொடர்ந்து மக்களும் சென்றனர். 2000ஆம் ஆண்டில் 38 இலட்சமாயிருந்த குடித்தொகை, இருபதாண்டில் 5 இலட்சத்துக்கு மேற் குறைந்தது.

மூன்றாவது, எல்லாப் பழியையும் வாசிங்ரன்மீது சுமத்துதலும் முறையன்று. பிரசாவுரிமையையும், தடையின்றிச் சென்றுவரும் வசதியையும் இழக்கத் தீவாருட் பெரும்பாலோர் விரும்பவில்லை; தம் மொழியையும் தனித்தன்மையையும் இழக்கவும் அவர் ஒருப்படவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே காக்கும் வழி யாது என்பதிலேயே அவர் பிளவுண்டனர். ஆயின் எண்ணம் ஒன்றாகாமை, எண்ணத்தைக் கேளாதிருத்தற்கு நியாயமாகாது. முனியோஸ் றிவேறா ஸ்பெயினோடும் அவர் மைந்தர் அமெரிக்காவோடும் நயந்து பேசிப் பெற்ற உரிமைகள் உண்மையானவையே. அவற்றைப் பெற்றவரின் இசைவின்றி மாற்றவியலாதவாறு பிணிக்கும் முடிச்சு ஒன்றே குறைவாயிற்று. அம்முடிச்சு மாநிலமாதலாலோ, விடுதலையாலோ, இரு நாடுகள் சமமாய் நின்று செய்யும் உடன்படிக்கையாலோ இடப்படுதல் கூடும். அஃது இடப்படும்வரை புவேர்ட்டோ றிக்கோ மக்கள் தேர்தல் பல நடத்துவர். ஆட்சியோ முழுதும் அவர்தம் கையிலிராது.